கைப்பையில் இருந்த பத்தொன்பது நாள்

மக்களே,

நீ அனுப்பிய சிடி செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கவரைப் பிரிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அன்று எனக்கு டியூட்டி இல்லை, உன் அப்பா ருவைஸில் எண்ணெய் பிளாண்டில் இருந்தார், அதனால் அஜ்மான் வீட்டில் நானும் உன் பன்னிரண்டு பாட்டும்தான். அடுப்பில் கிடந்த மீன் குழம்பு வற்றி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. கீழ்வீட்டுப் பாகிஸ்தானி பாய் வந்து கதவைத் தட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பாடுவது யார் என்று கேட்டார். என் மகன் என்றேன். நம்பவில்லை. சிடி அட்டையில் இருக்கிற உன் படத்தையும் ஹாலில் மாட்டியிருக்கிற உன் முதல் நற்கருணைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கடைசியில் அந்த மூக்கைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்.

இங்கே தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்காக உன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் உன் தலைமுடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தவர்கள் இப்போது வாய் நிறைய ‘நம்ம பையன்’ என்கிறார்கள். நானும் பெருமையாகத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒன்பதாவது பாட்டு என்னை எழுத விடவில்லை. அதனால் மலருக்குக் கொடுக்கப் போவது இந்தக் கடிதத்தைத்தான். அச்சுக்குப் போகுமுன் நீ படித்துவிட வேண்டும் என்று உனக்கு முதலில் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊரறிய எழுதுகிறாள் என்று உனக்குக் கோபம் வரலாம். கடைசிவரை படி, புரியும்.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே ஆசையாக அனுப்பினாய். டான்ஸ்ஹால் என்றால் என்ன என்று சங்கத்துச் செயலாளர் என்னிடம் கேட்டார். ஜமைக்காக்காரர்களின் பாட்டு, கனத்த தாளம் ஒன்றை ஓட விட்டு அதன்மேல் பேச்சும் பாட்டுமாக மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள், ஒரே தாளத்தை எடுத்துப் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடுவார்கள், யாருடையது கூட்டத்தின் வாயில் நிற்கிறதோ அவன்தான் ஆள் என்று சொன்னேன். மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். பத்திரிகைகளில் இந்த ஆல்பத்தை ‘கிராஸ்ஓவர்’ என்று எழுதுகிறார்கள். நீ ஜமைக்காப் பாட்டிலிருந்து வெளியே தாண்டி வந்து தமிழையும் ஹிந்தியையும் அரபியையும் சேர்த்துக்கொண்டாய் என்று அதற்குப் பொருளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கட்டிடத்து மாடிப்படியில் மூன்று மாடி ஏறுவதற்குள் நாலு பாஷை பேசியவன் நீ. லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவரிடம் ஒன்று, வாட்ச்மேனிடம் ஒன்று, பக்கத்துவீட்டுப் பிள்ளைகளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. நீ எதையும் தாண்டவில்லை, இருந்தபடி பாடியிருக்கிறாய். அஜ்மானிலிருந்து துபாய்க்குக் காலையில் ஊர்ந்து போகிற பஸ்ஸை முதல் பாட்டில் வைத்திருக்கிறாயே, அந்த டிரைவர் ‘யல்லா யல்லா’ என்று அவசரப்படுத்திக் கத்துவதையே தாளமாக்கி, பின்னால் நிற்பவர்களின் இருமலைக்கூட விடாமல். நான் இருபத்திரண்டு வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தவள். ஒருநாள்கூட அதில் ஒரு பாட்டு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. எட்டாவது பாட்டில் லண்டன் பெண் ஒருத்தி வந்து குழைகிறாளே, அது ரேடியோவுக்காகச் சேர்த்தது என்று எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாமலா இருக்கும். மற்றபடி குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பாட்டு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்னிடமிருந்துதான் வந்தது. என்னோடு கிளினிக்கில் இருந்த ஜமைக்கா நர்ஸ் மார்வாவை வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான். எனக்குக் காலையும் மாலையுமாகப் பிரித்து டியூட்டி. மாலை டியூட்டிக்கு நான் போனால் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, அவள் டியூட்டி முடிந்து நேரே நம் வீட்டுக்கு வருவாள். ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் கேசட். அவள் அவளுடைய பேச்சில் பேசுவாள், நீ ஐந்து வயதில் அதே இழுப்பில் பதில் சொல்லுவாய். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. உனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து நினைவு தப்பிக் கிடந்தபோது நீ கூப்பிட்டது என்னை அல்ல, ‘ஆன்ட்டி மார்வா’ என்றாய். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போடும் நான் என் பிள்ளையின் கட்டிலருகே யாரோ ஒருத்தியைப்போல நின்றேன். மார்வாமேல் தப்பில்லை, உன்மேல் தப்பில்லை. ஆனால் அந்தப் பாட்டின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பொறாமை பிற்பாடு நான் செய்த காரியத்தில் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

பதினெட்டு முடிந்த பையன் படிக்காமல் இருந்தால் பெற்றோர் விசாவில் இங்கே இருக்க முடியாது. நீ கல்லூரியை ஒரே வருஷத்தில் விட்டுவிட்டு வந்து நின்றபோது இந்தச் சட்டம் உனக்காகவே போட்டதுபோல இருந்தது. விசிட் விசாவில் கொஞ்ச நாள் ஓட்டினோம். அதுவும் முடிந்ததும், எல்லாரையும்போல நீயும் கீஷ் தீவுக்குப் போனாய். இங்கே விசா முடிந்தவர்கள் அந்த ஈரான் தீவுக்குச் சின்ன விமானத்தில் போய், புது விசா வரும்வரை ஓர் அறையில் எட்டுப் பேராகக் கிடப்பார்கள். சிலர் மூன்று நாளில் திரும்புவார்கள், சிலர் மூன்று மாதம் இருப்பார்கள். உனக்கு இரண்டு விசாவுக்கு முயற்சி நடந்தது. ஹோட்டல்களுக்குப் பாட்டுக்காரர்களை ஏற்பாடு செய்கிற ஏஜென்சி அண்ணாச்சி உன் குரலைக் கேட்டுவிட்டு, தானே முன்வந்து ஆர்ட்டிஸ்ட் விசாவுக்குப் போட்டிருந்தார். அப்பாவோ ருவைஸில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் உனக்கு டெக்னீஷியன் டிரெய்னி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நீ அண்ணாச்சியின் விசாவுக்குத்தான் காத்திருந்தாய். நான் அப்பாவின் விசாவுக்குக் காத்திருந்தேன்.

அண்ணாச்சியின் விசா ஏழாவது நாளே வந்துவிட்டது. ஒரிஜினலை, நீ வந்து இறங்கும்போது வாங்கிக்கொள்ள, அவர் ஏர்போர்ட்டில் ஒப்படைத்துவிட்டு, நகலை எங்கள் கிளினிக் ஃபேக்ஸுக்கு அனுப்பினார். கீஷில் நீ இருந்த ஹோட்டல் நம்பர் என்னிடம்தான் இருந்தது. நான் அதை அங்கே ஃபேக்ஸ் செய்தால் போதும், அடுத்த விமானத்தில் நீ வந்துவிடலாம். மெஷினிலிருந்து தாள் சுருண்டு வந்தது. உன் பெயர், உன் பாஸ்போர்ட் நம்பர், உன் படம் கறுப்பாக. நான் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு நாளில் ருவைஸ் விசாவும் வந்துவிடும், இரண்டையும் வைத்துப் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அது வந்தால் இதைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். ஹோட்டல் பாரில், குடிக்கிறவர்கள் நடுவே, ஆர்ட்டிஸ்ட் என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் மற்ற பெண்கள் என்ன கேட்பார்கள் என்பதும் மனதில் இருந்தது. இதையெல்லாம் அன்று பிள்ளையின் நன்மை என்று பெயர் வைத்துக் கும்பிட்டேன்.

ருவைஸ் விசா வரவில்லை, இரண்டு நாள் பத்தொன்பது நாளாயிற்று. தினமும் மாலை நாலு மணிக்கு அங்கே ரிசப்ஷனில் விசா வந்தவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். அது முடிந்ததும் நீ ஒரு மணி அடித்துவிட்டு வைப்பாய், நான் திருப்பி அழைப்பேன். “இன்னும் வரல்ல மக்களே, நானும் நடையா நடக்கியேன்” என்பேன். “நீங்க அலையாதீங்கம்மா, கால் வீங்கிரும்” என்று நீ எனக்கு ஆறுதல் சொல்லுவாய். பேசி முடித்தபின் கைப்பையைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்ப்பேன். ருவைஸ் வேலைக்குச் சம்மதம் சொல்லு, உடனே வந்துவிடலாம் என்று இரண்டு தடவை தூண்டில் போட்டும் பார்த்தேன். நீ கோபப்படவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னாய். நடுவில் ஏஜென்சி அண்ணாச்சி போன் செய்து, பையன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். உனக்குக் காய்ச்சல், பிரயாணம் செய்ய முடியாது என்றேன். நர்ஸ் சொன்னால் நம்பத்தானே செய்வார்.

பத்தொன்பதாவது நாள் நாலு மணிக்கு உன் மணி அடிக்கவில்லை. நாலேகாலுக்கு நானே அழைத்தேன். போனை எடுத்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண். உன் பெயரைச் சொன்னதும் சிரித்தாள். அவன் தினமும்போல நாற்காலியில் ஏறிப் பாடிக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி ரிசீவரை உன் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அன்றைக்குத்தான் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரிந்தது. ரிசப்ஷன்காரர்கள் விசா வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும், நீ நாற்காலியில் ஏறி, விசா வராதவர்களின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாய். ஒவ்வொரு பெயரையும் தாளத்தில் போட்டு, அவனவன் ஊரையும் வேலையையும் சேர்த்து ஒரு கிண்டலும் வைத்து. கூட்டம் முழுக்கக் கையைத் தட்டி, ‘புக்ரா, இன்ஷா அல்லாஹ்’ என்று பதில் சொல்கிறது; நாளைக்கு, ஆண்டவர் நினைத்தால் என்று. ஆணும் பெண்ணும், எத்தனையோ நாட்டுக் குரல், ஒரே வார்த்தை. தினமும் யாரும் கூப்பிடாத பெயர்களை நீ கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் உன் பெயரையே நீ கூப்பிட்டாய். ‘அம்மா எனக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள்’ என்று தமிழில் ஒரு வரி சொன்னாய். அங்கே யாருக்கும் அது புரிந்திருக்காது. ஆனாலும் எல்லாரும் சத்தமாகப் ‘புக்ரா’ என்றார்கள்.

உன்னிடம் பேசாமலே போனை வைத்துவிட்டேன். பேச எனக்கு என்ன தகுதி. ஆறு மணி டியூட்டிக்கு ஐந்தரைக்கே கிளினிக்குக்குப் போய், கோட் மாட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை ஃபேக்ஸ் மெஷினில் வைத்தேன். நீ வந்து இறங்கினாய், அரைக்கிலோ சதைகூட மிச்சமில்லாமல். ஏர்போர்ட்டில் என் காலைப் பார்த்தாய், வீக்கம் இருக்கிறதா என்று. நின்று நின்று டியூட்டி பார்த்த கால், வீக்கமாகத்தான் இருந்தது. நீ அதையும் என் அலைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டாய், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு அதற்கடுத்த வாரம். விசாவை ஒரே வாரத்தில் எடுத்து அனுப்பிவிட்டேனே என்று அண்ணாச்சி உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ வந்து என்னைக் கேட்டாய். “அவரு அப்படித்தான் சொல்லுவாரு, கேட்டியா” என்றேன். என் வாயிலிருந்து வந்த இந்த ஒரு வார்த்தையால் நீ அந்த மனிதரை ஆமை என்று வைத்துப் பாடிய பாட்டு உன் முதல் ஹிட் ஆனது. இங்கே தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் எல்லாம் அதைப் பாடிச் சிரித்தார்கள். அவர் முன்னாலேயே மேடையில் பாடினாய், அவரும் கை தட்டினார். அதற்குப் பிறகும் உனக்கு மேடை தேடித் தந்தார், லண்டன் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களிடம் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்தால் “சிஸ்டர், சுகந்தானே” என்பதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழி ஊரறிய விழுந்தது. அதைத் துடைப்பதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும்.

உன் வளர்ச்சியை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. பூசைக்கு வருகிறவர்கள் கேட்டால் ‘ஏதோ பாடுகிறான்’ என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் உன் பெயரைத் தேடுவேன். போஸ்டரில் போடுகிற அந்தப் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாது, ஆனால் பிழையில்லாமல் டைப் செய்வேன். நீ கிங்ஸ்டனில் பாடிய அன்று மார்வா அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவள், கைத்தடியோடு கூட்டத்தில் போய் நின்றிருக்கிறாள். அந்த ஊர்க் கூட்டம் லேசில் மசியாதாம், பிடிக்காவிட்டால் பாதியில் இறக்கிவிடுமாம், பிடித்துவிட்டால் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து பாட வைக்குமாம். உன்னை நாலு தடவை முதலிலிருந்து பாட வைத்தார்கள் என்று சொல்லி அழுதாள். நம் பிள்ளை என்றாள். நம் என்று அவள் சொன்னபோது அந்தப் பழைய முள் எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். நான் பாதுகாப்பு என்று நினைத்த வேலையில் உன்னைத் தள்ளியிருந்தால் இந்தப் போன் எனக்கு வந்திருக்காது. ருவைஸ் வேலை நல்ல வேலை, அதில்தான் நம் வீடு ஓடியது. ஆனால் அது உன் வேலையில்லை. நாற்காலியில் ஏறி மற்றவர்களின் பெயரைக் கூப்பிடுவதுதான் உன் வேலை என்று அந்தப் போனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அந்தக் கீஷ் பாட்டு ஒன்பதாவது பாட்டாக வந்திருக்கிறது. அன்று கேட்ட அதே தாளம், அதே கைத்தட்டல். ஆல்பத்திலேயே அதுதான் நிற்கப் போகிறது, உலகமெல்லாம் அதைப் பாடப் போகிறது. அதன் மூன்றாவது சரணத்தில் வீங்கிய காலோடு ஒரு தாய் படியேறி இறங்குகிறாள். அட்டையின் உள்பக்கத்தில் ‘எனக்காக அலைந்த அம்மாவுக்கு’ என்று போட்டிருக்கிறாய். மக்களே, அப்படி ஒரு அம்மா இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்திதான் இருந்தாள். போன வெள்ளிக்கிழமை அப்பா வந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். “அந்த அண்ணாச்சிய நான் எத்தன தடவ ஏசியிருக்கேன் தெரியுமாட்டி” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவருக்கு ரிடயர்மெண்ட், இரண்டு பேருக்கும் விசா கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போகிறோம். இதை இங்கேயே இறக்கிவைக்காமல் போக எனக்கு மனமில்லை.

உனக்கும் ஒரு பிள்ளை வரும். அவன் உனக்குப் புரியாத எதையாவது ஆசைப்படுவான். அப்போது உனக்குப் பயம் வந்தால், பயமாக இருக்கிறது என்று அவனிடமே சொல்லிவிடு. நான் அதை மட்டும் சொல்லியிருந்தால் நீ சிரித்து, என்னைக் கட்டிக்கொண்டு, அதன்பிறகும் பாடத்தான் போயிருப்பாய். எனக்கு இத்தனை வருஷம் இந்தப் பாரம் இருந்திருக்காது.

அந்த ஃபேக்ஸ் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்து ஏமாறாதே, அதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துச் சுருள் தாளில் எழுத்து நிற்காது. உன் படமும் பெயரும் தேதியும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெறும் மஞ்சள் தாள்தான் இருக்கிறது. நான் சொல்லாமல் விட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. சரணத்தை மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம், அது நல்ல சரணம்.

துபாய் நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருப்பதாகச் சொன்னாய். ஒன்றில் அப்பா உட்காரட்டும். இன்னொன்றை ஏஜென்சி அண்ணாச்சிக்குக் கொடு, நீயே போய்க் கூப்பிட்டுக் கொடு. நான் டிக்கெட் வாங்கிவிட்டேன், பின்னால் நின்று கேட்கிறேன். காத்திருப்பவர்களின் பெயரை நீ கூப்பிடுகிற இடம் வரும்போது, மனமிருந்தால் என் பெயரையும் ஒரு தடவை கூப்பிடு. மனமில்லாவிட்டால் விட்டுவிடு. கூட்டத்தோடு சேர்ந்து நானும் ‘புக்ரா, இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லிக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மா